ராஜஸ்தான் பாலைவன இசை விழாவுக்குக் குடும்பத்தோடு போக எப்படித் திட்டமிடலாம்?

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து அப்பா அம்மாவோடு ராஜஸ்தானில் ஒரு பாலைவன இசை விழாவுக்குப் போக வேண்டும், எந்த விழா, எப்போது, எதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்?

பாட்டுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் ஜோத்பூருக்குப் போங்கள். ஒட்டகம், மணல்மேடு, வேடிக்கை எல்லாம் சேர்ந்து வேண்டும் என்றால் ஜெய்சல்மேர். இரண்டும் ஒரே பாலைவனம்தான், ஆனால் அனுபவம் வேறு வேறு.

ஜோத்பூரில் நடப்பது ராஜஸ்தான் சர்வதேச நாட்டுப்புற இசை விழா. சுருக்கமாக ஜோத்பூர் ரிஃப் என்பார்கள். 2007 முதல் மெஹ்ரான்கர் கோட்டையில் நடக்கிறது. சரத் பௌர்ணமியை ஒட்டி வருவதால் தேதி வருடா வருடம் மாறும். நமக்குக் கணக்கு சுலபம்: விஜயதசமிக்கு அடுத்து வரும் பௌர்ணமி. அதாவது ஆயுத பூஜை விடுமுறை முடிந்த கையோடு, தீபாவளிக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு. ரயிலில் இடம் கிடைப்பது கடினமான நேரம் அது. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. திறக்கிற அன்றே போட்டுவிடுங்கள். சென்னையிலிருந்து நேரடி ரயில் உண்டு, இரண்டு இரவுப் பயணம். மன்னார்குடியிலிருந்து போகும் வாராந்திர ரயில் பகத் கி கோத்தி வரை என்று காட்டும். அதைப் பார்த்து வேறு ஊர் என்று விட்டுவிடாதீர்கள், அது ஜோத்பூருக்குள்ளேயே இருக்கும் நிலையம். பெற்றோருக்கு அவ்வளவு நேரம் ஒத்துவராது என்றால் டெல்லி வழியாக விமானம் பிடிக்கலாம்.

அறையைக் கோட்டைக்குக் கீழே பழைய நகரத்துக்குள் எடுப்பது அழகுதான். ஆனால் சந்துகள் குறுகல், பல வீடுகளில் படி செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வாசல் வரை ஆட்டோ வரும் இடமாகப் பாருங்கள். கோட்டையின் ஏற்றமும் லேசானதல்ல. பகலில் அருங்காட்சியகம் பார்க்க லிஃப்ட் இருக்கிறது. இரவுக் கச்சேரிக்கு வண்டி எதுவரை விடுவார்கள் என்பதை அனுமதிச் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இனி நான் அடித்துச் சொல்ல விரும்பும் விஷயம். இரவில் பெரிய மேடையில் நடப்பதற்காக மட்டும் திட்டம் போடாதீர்கள். விழாவின் உயிர் விடியற்காலையில் ஜஸ்வந்த் தாடாவில் இருக்கிறது. கோட்டைக்குப் பக்கத்திலேயே, இரண்டாம் ஜஸ்வந்த் சிங் மகாராஜாவின் நினைவாக 1899இல் எழுப்பிய வெள்ளைச் சலவைக்கல் மண்டபம் அது. இருட்டிலேயே போய்த் தரையில் உட்கார வேண்டும். முந்தின இரவே ஒரு ஆட்டோக்காரரிடம் பேசி வையுங்கள், அந்த நேரத்தில் தெருவில் வண்டி கிடைக்காது. அம்மாவுக்கு ஒரு சால்வை, கீழே போட ஒரு கனத்த துண்டு.

அங்கே கமாய்ச்சா என்ற வில் வாத்தியத்தை அருகிலிருந்து பாருங்கள். மாமரத்தில் குடைந்த வட்டமான குடம், மேலே ஆட்டுத்தோல், நரம்பில் முறுக்கிய கனமான தந்திகள், அவற்றோடு கூடவே அதிரும் மெல்லிய உலோகக் கம்பிகள். வில் தொட்டதும் எழும் ஒலி கொஞ்சம் கரகரப்பானது, வயதானவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பிப்பது மாதிரி. ஒலிபெருக்கியில் அந்தக் கரகரப்பு பாதி காணாமல் போகும். கர்த்தால் வாசிப்பவரின் கையையும் கவனியுங்கள்: கைக்கு இரண்டாக நான்கு மரத்துண்டுகள், பிடியும் கிடையாது, சலங்கையும் கிடையாது. விரல்களின் நடுக்கத்திலேயே அத்தனை வேகமும் வருகிறது.

இந்தக் கலைஞர்களில் பெரும்பாலோர் மாங்கணியார், லங்கா (Langa) சமூகத்தினர். இரண்டுமே பரம்பரையாகப் பாடும் முஸ்லிம் சமூகங்கள். மாங்கணியார்களை ஆதரித்தவர்கள் பெரும்பாலும் ராஜபுத்திர இந்துக் குடும்பங்கள். அந்த வீடுகளில் பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் என்றாலும் இவர்கள் பாட்டு இல்லாமல் சடங்கு இல்லை. அதனால்தான் ஒரே குரல் கிருஷ்ணனையும் பாடும், புல்லே ஷாவின் சூஃபிப் பாட்டையும் பாடும். நம் கச்சேரிகளில் கடைசியில் துக்கடாவாகக் கேட்டுப் பழகிய மாண்டு ராகத்துக்கும் இந்த மண்தான் ஊர். அதை இங்கே முழுத் தொண்டையில் கேட்கும்போது, நாம் இத்தனை நாள் கேட்டது அதன் ஒரு ஓரம்தான் என்று புரியும். இதற்காகவாவது அப்பாவை அந்த விடியற்காலையில் எழுப்புங்கள்.

பகலில் வெயில் 35 டிகிரியைத் தொடும். அந்த நேரத்தில் அர்னா ஜர்னா அருங்காட்சியகத்துக்குப் போகலாம், ஊருக்கு வெளியே இருக்கிறது. 1960இல் ரூபாயன் சன்ஸ்தான் என்ற நாட்டுப்புறக் கலை ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, இந்தக் கலைஞர்களை வெளியுலக மேடைக்கு அழைத்து வந்த கோமல் கோத்தாரி நினைத்து உருவாக்கிய இடம் அது. துடைப்பங்களுக்கென்றே அங்கே ஒரு காட்சி உண்டு. எந்தப் புல் எங்கே விளைகிறது, யார் கட்டுகிறார்கள் என்று அதன் வழியாகவே பாலைவனத்தைச் சொல்லியிருப்பார்கள். சாப்பாட்டுக்குக் கவலையில்லை. மணிக்கூண்டுப் பக்கம் மிர்ச்சி வடா, மக்கனியா லஸ்ஸி கிடைக்கும். கேர் சாங்ரியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், தண்ணீர் இல்லாத நிலத்தில் காய்க்கிற காய்களும் கனிகளும் அதில்தான் இருக்கின்றன.

ஜெய்சல்மேரின் மரு மகோத்சவம், அதாவது பாலைவனத் திருவிழா, மாக மாதப் பௌர்ணமியில் முடியும். நம் காலண்டரில் தைப்பூசம் அல்லது மாசி மகத்தை ஒட்டி வரும். தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி, ஒட்டக ஓட்டம் என்று கலகலப்பாக இருக்கும். பிள்ளைகள் கூட வந்தால் இதையே தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பருவத்தில் இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், ஸ்வெட்டர் போதாது.

விழாத் தேதி அமையவில்லை என்றாலும் பயணத்தைக் கைவிட வேண்டாம். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு 280 கிலோமீட்டர் அளவு, ரயில் இருக்கிறது. அதைத் தாண்டி 40 கிலோமீட்டரில் சாம் மணல்மேடுகள். அங்கே கூடாரங்களில் தினமும் பாட்டு உண்டு, ஆனால் பல இடங்களில் சீக்கிரமே சினிமாப் பாட்டுக்குப் போய்விடுவார்கள். கலைஞர்களிடமே போய், "உங்கள் வீட்டு விசேஷத்தில் பாடுவதைப் பாடுங்கள்" என்று கேளுங்கள். முகமே மாறும். பணத்தைக் கூடார மேலாளரிடம் கொடுக்காமல் நேராக அவர்கள் கையிலேயே கொடுங்கள். ஜெய்சல்மேருக்கு அருகில்தான் ஹமீரா கிராமம். 2012இல் பத்மஸ்ரீ பெற்று அடுத்த ஆண்டு மறைந்த கமாய்ச்சா மேதை சாகர் கானின் ஊர். அவருடைய பிள்ளைகளும் வாசிப்பவர்கள். உள்ளூர்க்காரர் யாரையாவது வைத்து முன்கூட்டியே சொல்லிவிட்டு, உரிய சன்மானத்தோடு போங்கள். முன்னறிவிப்பில்லாமல் கேமராவோடு போய் வாசலில் நிற்க வேண்டாம்.