ஃபிரிட்ஜுக்குள் ஏழு வாரக் குளிர்காலம்

தம்பி, ஹூஸ்டனுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது, ட்யூலிப் கிழங்கு ஒரு பை வாங்கிவிட்டேன், இப்போதே நடலாமா, கொஞ்சம் உன் அம்மாவிடம் கடலூருக்குக் கொடுத்து அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாய். நான் இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். வெளியே கார்த்திகை மழை விடாமல் கொட்டுகிறது. என் கிழங்குகளோ ஹூஸ்டன் வீட்டு ஃபிரிட்ஜில் தூங்குகின்றன.

இப்போது நடாதே. நம் பக்கம் சம்பங்கிக் கிழங்கைத் தோண்டினால் கொஞ்ச நாள் நிழலில் ஆறப்போட்டுத்தான் நடுவார்கள் இல்லையா? ட்யூலிப்புக்கும் அப்படி ஓர் ஓய்வு உண்டு, ஆனால் அதற்குக் குளிர் வேண்டும். மத்திய ஆசிய மலைகளில் பிறந்த செடி அது. பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்தால்தான் வசந்தத்தில் தண்டு நீளும். ஹூஸ்டன் குளிர் அதற்குப் போதாது. முதல் வருஷம் நான் வாங்கிய கையோடு நட்டுவிட்டேன். இலைக்கு நடுவே, மண்ணை ஒட்டி, சுண்டுவிரல் உயரத்தில் மொட்டு வந்து அப்படியே கருகிப்போனது.

அதனால் குளிரை நாம்தான் கொடுக்க வேண்டும். காற்றோட்டமுள்ள காகிதப் பையிலோ வலைப்பையிலோ போட்டு இன்றைக்கே ஃபிரிட்ஜில் வை. 4 முதல் 7 டிகிரி செல்சியஸ், ஆறு முதல் எட்டு வாரம். ஃப்ரீஸரில் வைத்தால் செத்துவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

இதைவிட முக்கியமானது பழம். இரண்டாம் வருஷம் ஆப்பிள் இருந்த தட்டிலேயே கிழங்கையும் வைத்திருந்தேன். நட்டதில் இலை மட்டும்தான் வந்தது. பூக்காத ஒன்றைத் தோண்டி நெடுக்கே வெட்டிப் பார்த்தேன். வெங்காயம் மாதிரி வெள்ளை அடுக்குகள், நடுவில் பூவாக வேண்டிய குருத்து பழுப்பாகச் சுருங்கிக் கிடந்தது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் பூவைக் கொன்றுவிடும். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. இப்போது கிளம்பும்போதும் வீட்டுக்காரரிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: நான் வரும்வரை ஆப்பிள், வாழைப்பழம் எதுவும் ஃபிரிட்ஜுக்குள் போகக் கூடாது.

அப்புறம், பையின் மேல் பெரிதாகத் தமிழில் ‘சாப்பிடக் கூடாது’ என்று எழுதி ஒட்டு. உன் அம்மா அங்கே வந்திருக்கிறார்கள் என்கிறாய், பார்த்தால் வெங்காயம் என்றுதான் நினைப்பார்கள். சாம்பாருக்கு நறுக்கிவிட்டால் வாந்தி, வயிற்றுவலி என்று அவஸ்தை.

இன்றைக்கு வைத்தால் ஏழு வாரம், கணக்குச் சரியாகப் பொங்கலுக்கு வருகிறது. எடுத்த அன்றே, கூர் முனை மேலே பார்க்க, 15 சென்டிமீட்டர் ஆழத்தில் நடு. தண்ணீர் தேங்கக் கூடாது. அந்த ஊர் வெயிலில் மறு வருஷம் பூக்கும் என்று நம்பாதே, ஒவ்வொரு வருஷமும் புதுசு வாங்க வேண்டியதுதான். இந்த ஃபிரிட்ஜ் வேலையே முடியாது என்றால் பேப்பர்வைட் என்ற வெள்ளைப் பூக் கிழங்கு வாங்கு. அது ட்யூலிப் இல்லை, நார்சிஸஸ் வகை, குளிர் கேட்காது.

கடலூருக்கு மட்டும் கொடுத்து அனுப்பாதே. முறையான அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் இந்தியாவுக்குள் கிழங்கு கொண்டுவரக் கூடாது. வந்தாலும் இங்கே மார்கழி ராத்திரியிலேயே 20 டிகிரிக்குப் பக்கம்தான் இருக்கும், அது என்ன செய்யும் பாவம். அம்மா ஊருக்குத் திரும்பியதும் தொட்டியில் சம்பங்கி வைக்கச் சொல். சாயங்காலமானால் வாசல் முழுக்க மணக்கும்.