கொலை நடந்தால் எஃப்பிஐ வருமா? அமெரிக்கச் சட்டம் கேள்வி பதில்

கேள்வி: சார், அமெரிக்காவில் கொலை என்றால் எஃப்பிஐதானே விசாரிக்கும்?

பதில்: பெரும்பாலும் இல்லை. கொலை, திருட்டு, அடிதடி எல்லாம் மாநிலச் சட்டம், உள்ளூர் போலீஸ். 1963-ல் டல்லஸில் கென்னடியைச் சுட்டபோது, அதிபரைக் கொல்வதுகூட ஃபெடரல் (அதாவது மத்திய அரசின்) குற்றமாக இல்லை. சுட்டதாகக் கைதான ஆஸ்வால்டு உயிரோடு இருந்திருந்தால் டெக்சாஸ் நீதிமன்றத்தில்தான் நின்றிருப்பார். 1965-ல்தான் அதற்குச் சட்டம் வந்தது. எஃப்பிஐ உள்ளூர் போலீஸுக்கு மேலதிகாரி அல்ல. படம் பார்த்துச் சட்டம் பேசாதீர்கள்.

கேள்வி: பிறகு ஃபெடரல் அரசு எப்படி உள்ளே நுழைகிறது?

பதில்: முக்கால்வாசி நேரம் ‘மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்’ என்ற வாசல் வழியாக. அந்த வணிகத்தை ஒழுங்குபடுத்த அரசியல் சட்டம் ஃபெடரல் அரசுக்கு அதிகாரம் தருகிறது. 1992-ல் சான் அன்டோனியோவில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்தான். டெக்சாஸ் வழக்கைக் கைவிட்டு, பள்ளிப் பகுதியில் துப்பாக்கியைத் தடுக்கும் ஃபெடரல் சட்டத்தில் வழக்கு போட்டார்கள். அரசு சொன்ன காரணம்: துப்பாக்கி இருந்தால் படிப்பு கெடும், படிப்பு கெட்டால் பொருளாதாரம் கெடும், ஆகவே வணிகம்! 1995-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்று 5-4 கணக்கில் தீர்ப்பளித்தது. இதுதான் லோபஸ் வழக்கு. ஆனால் அடுத்த ஆண்டே காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), ‘மாநில எல்லை தாண்டி வந்த துப்பாக்கி’ என்று ஒரு வரி சேர்த்து அதே சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. எல்லை தாண்டாத துப்பாக்கியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: நம்ம சிபிஐ?

பதில்: அது வேறு சட்டம். மாநிலச் சம்மதம் வேண்டும். தமிழ்நாடு 2023-ல் பொதுச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. தனியாகப் பேசுவோம்.

கேள்வி: ஒரே செயலுக்கு மாநிலம், ஃபெடரல் இரண்டும் தண்டிக்கலாமா?

பதில்: தண்டிக்கலாம். கேம்பிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-ல் 7-2 என்று சொன்னது. இரண்டு அரசு, இரண்டு குற்றம்.

கேள்வி: பாண்ட் வழக்கில் ரசாயன ஆயுதச் சட்டத்தைப் போட்டது தப்பா?

பதில்: பென்சில்வேனியாவில் பாண்ட் என்று ஒரு பெண். கணவனால் தன் தோழி கர்ப்பமானது தெரிந்து, தோழியின் தபால்பெட்டி, கார்க் கதவு, கைப்பிடியிலெல்லாம் ரசாயனம் தடவினாள். பலன், கட்டைவிரலில் சின்னப் புண். அதற்கு, போர்க்கள ஆயுதங்களைத் தடுக்க வந்த சர்வதேச ஒப்பந்தத்தின் சட்டம். ஆறு வருடச் சிறை! 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் தண்டனையை ஏற்கவில்லை.

கேள்வி (அவரே): சட்டத்தில் ‘நச்சு ரசாயனம்’ என்று தெளிவாக இருக்கிறதே சார்? எழுதியதைப் படிக்க வேண்டாமா?

பதில்: அந்த ஒன்பது பேரில் ஒருவரான ஸ்காலியாவும் அதையேதான் சொன்னார்: வார்த்தை தெளிவு, இவள் செயல் அதில் அடங்கும். ஆனால் அதோடு நிற்கவில்லை. அப்படியொரு சட்டம் போட காங்கிரஸுக்கு அதிகாரமே இல்லை என்று முடித்தார். பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் சுற்றுவழி பிடித்தார்: உள்ளூர்க் குற்றத்தை ஃபெடரல் சட்டத்துக்குள் இழுக்க வேண்டுமென்றால் காங்கிரஸ் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், இங்கே சொல்லவில்லை. இல்லாவிட்டால் மீனைக் கொல்ல மீன்தொட்டியில் வினிகர் ஊற்ற நினைக்கும் அப்பாவும் குற்றவாளி என்றார். எனக்கு ஸ்காலியா வழிதான் நேர்மையாகப் படுகிறது. நீங்கள் பாதித் தூரம் சரி.

கேள்வி: சார், கொலைக்கு எஃப்பிஐ...

பதில்: முதல் பதில்.