டீச்சரிடம் கேளுங்கள்: கொல்லத்து வியாபாரிக்கு ஏன் கோபம்?

கேள்வி: பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சரக்கு எடுக்கும் கொல்லத்து வியாபாரிக்குத் தமிழ் எழுத்து வராது, எனக்கு மலையாள எழுத்து வராது. அதனால் வாட்ஸ்அப்பில் ஆங்கிலம்தான். 'இன்றைக்குப் பணம் அனுப்ப வேண்டாம், திங்கள்கிழமை போதும்' என்று சொல்ல நினைத்து 'யூ மஸ்ட் நாட் பே டுடே' என்று போட்டுவிட்டேன். உடனே போன் வந்தது: "என்ன, நம்ம காசு பிடிக்கலையா?" மஸ்ட், ஹேவ் டு இரண்டுக்குமே 'வேண்டும்' என்றுதானே படித்தோம், டீச்சர்?
(வாசகர், புளியரை)

பதில்: தம்பி, அவர் மேல் தப்பில்லை. 'மஸ்ட் நாட்' என்றால் 'கூடாது'. பணம் கட்டவே கூடாது என்று தடை போட்டிருக்கிறீர்கள்!

குழப்பம் நம் 'வேண்டாம்' என்ற சொல்லில் இருக்கிறது. குற்றாலத்தில் வெள்ளம் வந்தால் 'குளிக்க வேண்டாம்' என்பார்கள். அது மரியாதையாகச் சொன்ன 'கூடாது'. நீங்கள் சொல்ல நினைத்த 'வேண்டாம்' அதுவல்ல, 'அவசியமில்லை'. அதற்கு 'யூ டோன்ட் ஹேவ் டு பே டுடே'. 'நீட் நாட் பே' என்றாலும் சரி. 1956 நவம்பர் 1 வரை எங்கள் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர், என் அம்மாவே மலையாளத்தில்தான் படித்தார். அந்த மொழியில் இதைப் பிரிப்பது சுலபம். கேரளப் பக்கம் ஆரியங்காவு தாண்டினால் 'புகவலி பாடில்ல' (புகைபிடிக்கக் கூடாது) என்று எழுதியிருக்குமே, அந்தப் 'பாடில்ல'தான் மஸ்ட் நாட்.

'நாட்' இல்லாதபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 'போயே ஆகணும்' என்று நானே முடிவெடுத்தால் மஸ்ட். 'ஆதார் திருத்தத் தென்காசிக்குப் போக வேண்டியிருக்கு' என்றால் ஹேவ் டு. சந்தேகமாக இருந்தால் ஹேவ் டு போடுங்கள்.

நேற்றைய விஷயம் என்றால் மஸ்ட் கைகொடுக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாமாவைப் பார்க்கப் புனலூர் போய் வந்து, 'ஐ மஸ்ட் கோ டு புனலூர் எஸ்டர்டே' என்று லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்தேன். இங்கிலீஷ் டீச்சரே இப்படியா என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு ஸ்டாஃப் ரூமுக்கே அனுப்பிவிட்டார்கள். 'ஐ ஹேட் டு கோ' என்று எழுதியிருக்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் 'மஸ்ட்' என்பதே ஓர் இறந்தகால வடிவம்தான், அதற்கு மேல் இன்னோர் இறந்தகாலம் அதற்கு அமையவில்லை. 'மஸ்ட் ஹேவ் கான்' என்று ஒன்று உண்டே என்பீர்கள். அது ஊகம்: ஆள் வீட்டில் இல்லை, செருப்பையும் காணோம், 'போயிருக்கணும்' என்கிறோமே, அது.

அப்புறம், அவருக்குச் செய்தி போடும்போது 'யூ மஸ்ட் பே ஆன் மண்டே' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அதட்டுவது போல இருக்கும். 'கேன் யூ பே ஆன் மண்டே?' போதும்.