மதர்போர்டில் யார் முதலில் முழிக்கிறார்கள்?

மதர்போர்டின் பாகங்கள் என்னென்ன, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு படம் இருக்கும். அம்புக்குறி போட்டு இருபது பெயர் எழுதியிருப்பார்கள். அதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவன்தான் நானும். அப்புறம் ஒரு சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். "டிஸ்ப்ளே வரலைப்பா" என்று ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். இருபது பெயரும் தெரியும், எதைத் தொடுவது என்று மட்டும் தெரியவில்லை. முழித்துக்கொண்டு நின்றேன். கடைக்கார அண்ணன் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "பேரை விடுடா தம்பி. பட்டனை அமுக்குனா யார் முதல்ல முழிக்கிறா, அடுத்து யாரு, அதைப் பாரு." அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். மேசைக்கு அடியில் நிற்கும் பெட்டி முழுவதையும் நம் ஊரில் சிபியு என்பார்கள். பெட்டியின் பெயர் கேபினட். சிபியு என்பது உள்ளே போர்டின் மேல் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும், கணக்குப் போடும் சில்லான பிராசசர் மட்டுமே. மதர்போர்டு என்பதோ பாகங்கள் எல்லாம் வந்து உட்காரும், கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து அழுத்திய ஒரு தகடு. வெளியே தெரியும் கோடுகளோடு முடிவதில்லை, உள்ளுக்குள் நான்கு, ஆறு என்று அடுக்கடுக்காகச் செம்புப் பாதைகள் ஓடுகின்றன. ட்ரில் போட்டு அதில் புதிதாக ஓட்டை போடக்கூடாது என்பது இதனால்தான் (ஒருவர் போட்டுக்கொண்டு வந்தார்). முழு அளவு டெஸ்க்டாப் போர்டு 305 × 244 மில்லிமீட்டர். ஏடிஎக்ஸ் என்ற இந்த அளவை பிராசசர் செய்யும் இன்டெல் கம்பெனி 1995-ல் கொண்டுவந்தது. திருகுத் துளைகள் எங்கே இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே வரையறுக்கப்பட்டிருப்பதால், ஒரு கம்பெனி கேபினட்டில் இன்னொரு கம்பெனி போர்டு பொருந்துகிறது.

சரி, பட்டனுக்கு வருவோம். உண்மையில் பட்டனைத் தொடுவதற்கு முன்பே கதை ஆரம்பித்துவிடுகிறது. சுவரில் சுவிட்சைப் போட்ட உடனேயே எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை, ஊதா நிற ஒயரில் 5 வோல்ட்டை அனுப்பத் தொடங்கிவிடும். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பின்னால் நெட்வொர்க் ஒயர் மாட்டும் இடத்தில் லேன் விளக்கு மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்த மின்சாரம்தான். உள்ளே கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

பவர் பட்டன் மின்சாரத்தை நேரடியாகப் போட்டு அணைக்கும் சுவிட்ச் இல்லை. அதிலிருந்து வரும் மெல்லிய ஒயர் போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் இரண்டு ஊசிகளில் போய் நிற்கிறது. பட்டனை அமுக்கினால் அந்த இரண்டும் ஒரு கணம் ஒன்றையொன்று தொடும், அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவர் முனையால் அவற்றைத் தொட்டாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகும். பட்டன் போன பெட்டிகளை நாங்கள் அப்படித்தான் சோதிப்போம். உடனே போர்டு 24 ஊசிப் பெரிய கனெக்டரில் இருக்கும் பச்சை ஒயரை கிரவுண்டோடு இணைக்கிறது. எஸ்எம்பிஎஸ் முழித்துக்கொண்டு 12, 5, 3.3 வோல்ட்டுகளை அனுப்புகிறது. அவை நிலைக்கு வந்த பிறகு, 100 முதல் 500 மில்லி நொடிக்குள் சாம்பல் நிற ஒயரில் "எல்லாம் சரி" என்று ஒரு சிக்னல் வரும். அதுவரை பிராசசரை எழவிடாமல் போர்டு பிடித்து வைத்திருக்கும். (புது எஸ்எம்பிஎஸ்களில் ஒயர் எல்லாமே கறுப்பாக வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது, எங்களுக்குத்தான் தொல்லை.)

அடுத்த கட்டத்தைப் புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடும். எனக்கு இதுதான் போர்டின் உயிர் நாடி. பிராசசருக்குத் தேவை சுமார் ஒரு வோல்ட், ஒன்றேகால் வோல்ட். வருவதோ 12 வோல்ட். வோல்ட் குறைந்தால் அதே வாட்டுக்கு ஆம்பியர் ஏறும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. வீட்டு மிக்ஸி 750 வாட், 230 வோல்ட்டில் மூன்றே கால் ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பிராசசர் 1.2 வோல்ட்டில் எண்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும்! அவ்வளவு கரன்ட்டை நீளமான ஒயரில் கொண்டுவர முடியாது. அதனால் பிராசசருக்குப் பக்கத்திலேயே, தனியாக ஒரு 8 ஊசி கனெக்டரில் 12 வோல்ட்டை வாங்கி, அங்கேயே இறக்கிக் கொடுக்கிறார்கள். சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் சதுரக் கட்டிகள் சோக்குகள், தட்டையான கறுப்புச் சில்லுகள் மாஸ்ஃபெட்டுகள், உருளைகள் கெப்பாசிட்டர்கள். மூன்றும் சேர்ந்த இந்தப் பகுதியை விஆர்எம் என்பார்கள். மாஸ்ஃபெட் 12 வோல்ட்டை நொடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டி விடும், சோக்கும் கெப்பாசிட்டரும் அதைச் சமப்படுத்தும். ஒரே மாஸ்ஃபெட்-சோக் ஜோடியால் எண்பது ஆம்பியரைத் தாங்க முடியாது என்பதால் நான்கு, ஆறு, எட்டு என்று பல ஜோடிகள் முறை வைத்து வேலை செய்கின்றன. போர்டு வாங்கும்போது பலர் வண்ண விளக்கைப் பார்க்கிறார்கள். நான் இந்த வரிசையைத்தான் பார்ப்பேன்.

நான் வேலை கற்ற காலத்தில், 2006 வாக்கில், கடைக்கு வந்த போர்டுகளில் அடிக்கடி கண்டது உப்பிய கெப்பாசிட்டர். தலை பூரி மாதிரி எழும்பியிருக்கும், ஓரத்தில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருக்கும். அந்த ஆண்டுகளில் மோசமான எலக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பல பெயர்களில் வந்த போர்டுகளுக்குள் புகுந்திருந்தன. அதே அளவில் நல்லதாக வாங்கி, பிளஸ் மைனஸ் மாறாமல் பற்றவைத்தால் பெரும்பாலும் போர்டு எழுந்து உட்காரும். இன்று நல்ல போர்டுகளில் திடப் பாலிமர் வகைதான் வருகிறது, அந்த வேலை எங்களுக்குக் குறைந்துவிட்டது.

பிராசசர் எழுந்துவிட்டது. ஆனால் அதற்கு எதுவும் தெரியாது. ரேம் (வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி. எழுந்ததும் அங்கே போய் முதல் கட்டளையைக் கேட்கும். அந்த முகவரியில் இருப்பது பயாஸ் சில்லு. இன்றைய போர்டுகளில் பெரும்பாலும் எட்டுக் கால், நகத்தைவிடச் சிறிய உருவம். அதில் இருக்கும் நிரலுக்கு இப்போது யுஇஎஃப்ஐ என்று பெயர், ஆனால் எல்லோரும் பயாஸ் என்றுதான் சொல்கிறோம். பயாஸ் அப்டேட் நடுவில் கரன்ட் போனால் இந்தச் சில்லில் பாதி எழுத்தோடு நின்றுவிடும். பிராசசருக்குக் கட்டளை கிடைக்காது. அப்போது "போர்டு செத்துப்போச்சு" என்பார்கள். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விற்கும், புரோகிராமர் என்ற குட்டிக் கருவி ஒன்று இருந்தால் அந்தச் சில்லில் திரும்ப எழுதிவிடலாம்.

பயாஸ் முதலில் தேடுவது ரேமை. கிடைக்கவில்லையென்றால் திரையில் சொல்ல வழியில்லை, திரை இன்னும் உயிர் பெறவில்லை. அதனால் பீப் ஒலி. விட்டு விட்டு நீளமாகக் கத்தினால் முதல் சந்தேகம் ரேம்தான், ஒலிகளின் பொருள் பயாஸுக்குப் பயாஸ் மாறும் என்றாலும். இதற்கு நம்மூர்க் கைவைத்தியம் எல்லோருக்கும் தெரியும்: ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டுவது. வேலை செய்யும். ஆனால் பல நேரம் வேலை செய்தது ரப்பர் இல்லை, கழற்றி மாட்டியதுதான் என்பது என் சந்தேகம். அழுத்தித் தேய்த்தால் மெல்லிய தங்கப் பூச்சும் போய்விடும்.

டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு ரேம் வகைகளுக்கும் 288 பற்கள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றை மற்றதில் திணிக்காதீர்கள். நான்கு ஸ்லாட்டில் இரண்டு ரேம் மட்டும் போடுவதாக இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் சரியான இடம். ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே உற்றுப் பாருங்கள், சில கோடுகள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். அழகுக்கு இல்லை. போர்டுக்குள் சிக்னல் ஒரு நானோ நொடியில் சுமார் 15 சென்டிமீட்டர்தான் போகும். 3200 வேக டிடிஆர்4-ல் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது நானோ நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒன்றாகக் கிளம்பிய பிட்டுகள் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டுமே! அதனால் குறுக்கு வழியில் போகும் கோட்டை வேண்டுமென்றே சுற்ற வைக்கிறார்கள்.

உங்கள் புத்தகத்தில் நார்த் பிரிட்ஜ், சவுத் பிரிட்ஜ் என்று இரண்டு சில்லுகள் இருக்கும். புதுப் போர்டில் நார்த் பிரிட்ஜைத் தேடாதீர்கள், கிடைக்காது. ரேமோடு பேசுவது அதன் முக்கிய வேலை. அந்த வேலையை இன்னொரு பிராசசர் கம்பெனியான ஏஎம்டி, 2003-ல் தன் அத்லான் 64 பிராசசர் வந்தபோதே பிராசசருக்குள் கொண்டுபோய்விட்டது. இன்டெல் 2008-ல் அதையே செய்தது. மிச்சமிருப்பது ஒரே சிப்செட், கீழ்ப்பக்கம் தட்டையான உலோக மூடிக்கு அடியில். யுஎஸ்பி, சாட்டா (ஹார்ட் டிஸ்க் ஒயர் மாட்டுவது) போர்ட்டுகளில் பெரும்பாலானவையும் ஆடியோ, லேன் போன்றவையும் இதன் வழியாகத்தான் பிராசசரிடம் போகின்றன.

ரேம் சரியென்றால் அடுத்தது திரை. கிராஃபிக்ஸ் கார்டு உட்காரும் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் தகவல் போகப் பதினாறு பாதைகள், குட்டி ஸ்லாட்டில் ஒன்று. மூன்றாம் தலைமுறையில் ஒரு பாதை நொடிக்கு ஏறத்தாழ 1 ஜிபி கொண்டுபோகும், நான்காம் தலைமுறையில் அதைப் போல் இரண்டு மடங்கு. கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் மானிட்டர் ஒயரை அந்தக் கார்டில் மாட்ட வேண்டும். போர்டின் எச்டிஎம்ஐயில் மாட்டிவிட்டு "புதுக் கார்டு வேலை செய்யலை" என்று வந்தவர்கள் ஏராளம். இன்டெல் பிராசசர் பெயரில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் கிராஃபிக்ஸே கிடையாது, போர்டின் எச்டிஎம்ஐ வெறும் ஓட்டை.

கடைசியாக ஹார்ட் டிஸ்க். ஒயரில் மாட்டும் சாட்டா, அல்லது போர்டிலேயே படுக்கையாகத் திருகும் எம்.2 எஸ்எஸ்டி அட்டை. அதில் 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். சில போர்டுகளில் எம்.2 ஒன்றை மாட்டினால் ஏதாவது ஒரு சாட்டா போர்ட் தானாக அணைந்துவிடும். பழுது என்று நினைத்து அலையாமல் மேனுவலைப் பாருங்கள்.

இப்போது வரும் போர்டுகள் பலவற்றில் ஓரமாக நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றன: சிபியு, டிரேம் (ரேம்), விஜிஏ (திரை), பூட் (ஹார்ட் டிஸ்க்). எது அணையாமல் நிற்கிறதோ அங்கே சிக்கல். அண்ணன் சொன்ன வரிசையை அப்படியே அச்சடித்து வைத்தது போல இருக்கும்.

வரிசையில் வராத ஆள் ஒன்று பாக்கி. வட்டமான செல், சிஆர் 2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். பிளக்கைப் பிடுங்கினாலும் கடிகாரத்தை ஓட்டுவது இது. கடிகாரத்துக்கு நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகம். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும்.

டிடிபி சென்டர் வைத்திருந்த ஒரு அக்கா பெட்டியோடு வந்தார். தினமும் காலையில் ஆன் செய்தால் எஃப்1 அமுக்கச் சொல்கிறது, பேங்க் தளம் எதுவும் திறக்கவில்லை, பாதுகாப்பு இல்லை என்கிறது. வேறு ஓரிடத்தில் காட்டியதற்குப் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்களாம். ஆன் செய்து தேதியைப் பார்த்தேன். பல வருடம் பின்னால் நின்றது. தேதி தப்பாக இருந்தால் தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கே வராதவையாகக் கம்ப்யூட்டருக்குத் தெரியும், எதையும் நம்பாது. செல்லை மாற்றி, தேதியைத் திருத்திக் கொடுத்தேன்.

"எவ்வளவுப்பா?" என்றார். "முப்பது ரூபாய்க்கா." கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "வீட்டுல இன்னொன்னு இருக்கு, அதுக்கும் ஒரு செல் குடுத்துடு" என்று வாங்கிக்கொண்டு போனார்.