வாயில் வந்த திருவாசகம்

கேள்வி: எனக்கு 36 வயது. ஏ.எல். படித்த காலத்திலிருந்தே கடவுள் நம்பிக்கை இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் அப்பா காலமானார். வெள்ளவத்தை வீட்டில் ஈமக்கிரியையின்போது திருவாசகம் பாடிப் பொற்சுண்ணம் இடித்தபோது என்னை அறியாமல் நானும் சேர்ந்து பாடிவிட்டேன். "உனக்கு உள்ளுக்கை நம்பிக்கை இருக்கு" என்கிறா அம்மா. மறுத்தால் சண்டை. நான் வேஷம் போடுகிறேனா?

பதில்: இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் பாடி வளர்ந்த வாய் அது. துக்கத்தில் பழகின பாட்டு தானாக வரும்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் நிலைக்கு மிக அருகில் வருகிறது. தம் மரணத்தை நினைத்து எழுதிய பிறகு, பக்தர்கள் முன்னையிலும் உறுதியாக நம்புவதாகச் சொன்னார்கள். நம்பாதவர்கள் முன்னையிலும் உறுதியாக மறுத்தார்கள். ஆனால் கடவுள் போன்ற சொற்களைக் காட்டி, 'உண்மையா, கற்பனையா' என்று பொத்தானை அழுத்தச் சொன்னபோது, மறுப்பவர்கள் 'கற்பனை'யை அழுத்தக் கொஞ்சம் தாமதித்தார்கள். அந்தத் தாமதத்தை மனமாற்றம் என்று எடுக்க முடியாது. உங்கள் பாட்டும் அப்படித்தான்.

அம்மாவின் பிடிவாதமும் உங்கள் மறுப்பும் ஒரே இழப்பிலிருந்து வருகின்றன. மரண நினைவு அவரவர் கொள்கையை இறுக்கும் என்று சொல்லும் உளவியல் கோட்பாடு 1986 முதல் இருக்கிறது. (பிற்காலத்தில் பல ஆய்வுகூடங்கள் சேர்ந்து அத்தகைய பரிசோதனை ஒன்றைத் திரும்பச் செய்தபோது அதே விளைவு கிடைக்கவில்லை, ஆகவே இதை விதியாக எடுக்காதீர்கள்.) அந்த ஆய்வுகளில் ஒரு விஷயம் உங்களுக்கு உதவும்: இறுக்கம் பெரும்பாலும் உடனே தெரிவதில்லை, சில நிமிடம் வேறு வேலை செய்த பிறகே தலைகாட்டுகிறது. அப்பாவின் படத்துக்கு விளக்கு வைக்கும்போது எல்லாரும் அமைதியாக இருந்து, பிறகு இடியப்பத் தட்டுக்கு முன்னால் சண்டை வெடிக்கிறதா என்று கவனியுங்கள்.

மாசியம் (மாதாந்தத் திதி), அமாவாசை நாட்களில் கடவுள் பேச்சையே எடுக்காதீர்கள். வேறொரு நாள் பின்னேரம், தேத்தண்ணி குடிக்கும்போது, ஒரே தடவை சொல்லுங்கள்: "அப்பாவுக்காகப் பாடினனான் அம்மா. நம்பிக்கை வந்து பாடேல்லை." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், விளக்கம் நீண்டால் அது வாதமாகிவிடும்.

ஆண்டுத் திவசத்துக்கு ஒரு மாதம் முன்பே ஐயரிடமும் சகோதரர்களிடமும் பேசி, பிண்டம் வைப்பது யார் என்று முடிவு செய்யுங்கள். மனம் ஒப்பாவிட்டால் சமையலையும் பந்தியையும் நீங்கள் பொறுப்பெடுக்கலாம். தர்ப்பையோடு ஐயர் கூப்பிடும்போது, சொந்தக்காரர் பார்த்திருக்க, அந்த இடத்தில் முடிவெடுப்பதுதான் எல்லாருக்கும் காயமாகிறது.

இரவில் பயம் வந்தால் எதற்குப் பயம் என்று பிரித்து எழுதுங்கள்: வலிக்கா, இல்லாமல் போவதற்கா, அம்மா தனித்துப் போவதற்கா? கடைசியானதற்கு வழி இருக்கிறது. வங்கிக் கணக்கு, வீட்டு உறுதிப் பத்திரம் ஆகியவற்றை இப்போதே ஒழுங்காக்கலாம். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை கெட்டால் இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள். அம்மா ஒழுங்காக நித்திரை கொள்கிறாவா என்றும் கேளுங்கள்.