சிறைக்காவலர் வேலைக்குப் போகலாமா? உள்ளே பயமாக இருக்காதா?

இரண்டாம் நிலைச் சிறைக்காவலர் தேர்வில் தேறிவிட்டேன், வீட்டில் பயப்படுகிறார்கள் என்று ஒரு சேலத்துத் தம்பி கேட்டிருக்கிறார்.

நான் அந்தக் காக்கியை இருபத்தெட்டு வருடம் போட்டவன். இப்போது அஸ்தம்பட்டிப் பக்கம் குடியிருக்கிறேன். மாடியில் துணி காயப்போடப் போனால் ஏற்காட்டு மலை தெரியும். கீழே இறங்கி நடந்தால் 1862-இல் கட்டிய சேலம் மத்தியச் சிறை. (நான் வேலை பார்த்தது வெளியூர்களில். எந்தச் சிறை என்பது வேண்டாம், விடுங்கள்.)

பயம் இருக்கும். ஒரு பிளாக்கில் நூற்றுக்கு மேல் ஆட்கள் இருப்பார்கள், நீங்கள் லத்தியோடு ஒரே ஆளாக நிற்பீர்கள். அத்தனை பேரும் ஒன்று சேர்ந்தால் லத்தி எதற்கும் ஆகாது. இது அவர்களுக்கும் தெரியும். அதனால் வாய்தான் ஆயுதம். முடியாததை முடியாது என்று சொல்லிவிடுங்கள். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சும்மா சொல்லி வைத்தால், அந்த நாளைக்கு ஒருவன் விடிய விடியக் காத்திருப்பான்.

மற்றபடி வேலை என்பது எண்ணுவதுதான். காலையில் திறக்கும்போது எண்ண வேண்டும், சாயங்காலம் அடைக்கும்போது எண்ண வேண்டும். ராத்திரி ரவுண்டில் ஜன்னல் கம்பியை லத்தியால் தட்டிக்கொண்டே போவோம். நல்ல கம்பி கணீரென்று கேட்கும், அறுபட்டிருந்தால் சத்தம் மாறும்.

ஒரு நாள் சாயங்காலம் அடைக்கும்போது எண்ணியதில் ஒரு தலை குறைந்தது. மூன்று தடவை எண்ணியாயிற்று, அப்போதும் ஒன்று குறைந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார், தண்டனைக் கைதி, ஐம்பது வயசு இருக்கும். அன்றைக்கு மனு போட்டுப் பார்க்க வந்த மனைவி, மகள் கல்யாணம் முடிந்துவிட்டது என்று சொல்லிப் போயிருக்கிறார். "ரூமுக்குள்ள நாப்பது பேர் இருக்காங்கய்யா, அழுக முடியல" என்றார். நான் திட்ட வாயெடுத்தவன், தோளைத் தட்டிக் கூட்டி வந்தேன். ஏட்டையாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு.

தண்டனைக் கைதியைவிட விசாரணைக் கைதிதான் சிரமம். அவனுக்கு வேலைக்கூடம் கிடையாது, எப்போது வெளியே போவோம் என்றும் தெரியாது. அதிலும் புதிதாக வந்தவனின் முதல் ராத்திரியில் கண்ணை மூடாதீர்கள். அரைஞாண் கயிறு வரைக்கும் கழற்றி வாங்குவது சும்மா இல்லை.

அப்புறம் ஒன்று. நம்மூர்ச் சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று நடந்ததைத் தெரிந்துகொண்டு போங்கள். துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். சுட்டவர்களும் நம்மைப் போல மாதச் சம்பளத்துக்கு வந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். எனக்குக் கைதிகளைவிட அந்த நினைப்புதான் அதிகப் பயம் தந்தது.

சரி, போகலாமா என்றால், போங்கள். தீபாவளி, பொங்கல் வீட்டில் இருக்காது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எடுக்கவில்லை என்றால் பதற வேண்டாம் என்று அம்மாவிடம் மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள்.