பெசேட்டா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்பெயினில் பெசேட்டா எப்போது, எதற்காகக் கொண்டுவரப்பட்டது?

1868 செப்டம்பர் புரட்சியில் அரசி இரண்டாம் இசபெல் நாட்டைவிட்டு வெளியேறியபின், தற்காலிக அரசின் நிதியமைச்சர் லௌரேயானோ ஃபிகெரோலா, அக்டோபர் 19ஆம் நாள் வெளியான அரசாணையின் மூலம் அதைத் தேசிய நாணயமாக்கினார். ரியால், எஸ்குடோ எனப் பல நாணயங்கள் புழங்கிய குழப்பத்தைத் தீர்ப்பதும், பிரான்சு முன்னின்ற லத்தீன் நாணய ஒன்றியத்தின் அளவுகளோடு ஒத்துப்போவதும் நோக்கங்களாக இருந்தன. ஸ்பெயின் அந்த ஒன்றியத்தில் முறைப்படி சேரவே இல்லை என்றாலும், ஒரு பெசேட்டா ஒரு ஃபிராங்கைப் போலவே 5 கிராம் வெள்ளி நாணயமாக வார்க்கப்பட்டது. பெயர் அன்று பிறந்ததன்று. நெப்போலியன் படைகளின் பிடியில் இருந்த பார்சலோனாவிலேயே பெசேட்டா என்று பொறித்த காசுகள் வெளிவந்துள்ளன.

அசலுக்கு நிகரான வெள்ளியில் கள்ள நாணயம் அடித்தார்கள் என்பது உண்மையா? அதில் என்ன லாபம்?

உண்மைதான், பெசேட்டாவின் வரலாற்றில் இதைவிடச் சுவையான பகுதி வேறில்லை என்பேன். டூரோ எனப்பட்ட ஐந்து பெசேட்டா நாணயத்தின் எடை 25 கிராம். அதில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 22.5 கிராம், தூய வெள்ளி. 1870களில் ஜெர்மனி முதலிய நாடுகள் தம் நாணயத்தின் அடிப்படையை வெள்ளியிலிருந்து தங்கத்துக்கு மாற்றியதால் வெள்ளியின் விலை தொடர்ந்து சரிந்து, நூற்றாண்டின் இறுதியில் அந்த 22.5 கிராம் வெள்ளியை ஐந்து பெசேட்டாவுக்கு மிகக் குறைவான விலையில் வாங்க முடிந்தது. ஆகவே கலப்படம் எதுவும் செய்யாமல், முழு எடையில், நல்ல வெள்ளியிலேயே அச்சடித்தவருக்கும் கொள்ளை லாபம் கிடைத்தது. 'செவில்லா டூரோ' என்று பெயர்பெற்ற இவற்றைத் தராசில் நிறுத்தாலும் கல்லில் தட்டி ஓசை கேட்டாலும் பிடிக்க முடியாது. அச்சின் நுணுக்கத்தில்தான் வேறுபாடு தெரியும். கடைக்காரர்கள் டூரோவை வாங்கவே தயங்கும் நிலை வந்தபோது, 1908 கோடையில் அரசே அவற்றை மாற்றிக்கொடுத்துப் புழக்கத்திலிருந்து அகற்ற வேண்டியதாயிற்று.

என்னிடமுள்ள ஐந்து பெசேட்டா காசில் 1957 என்றும், நட்சத்திரத்துக்குள் 75 என்றும் உள்ளது. எது சரியான ஆண்டு?

உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறீர்கள், நல்லது. 1957 அந்த வடிவத்துக்கு உரிய ஆண்டு. நட்சத்திர எண்ணே அச்சிட்ட ஆண்டைக் குறிக்கும். ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்த 1975ஐக் குறிப்பதால் மதிப்பு கூடும் என்று சிலர் விற்கிறார்கள். அது ஏராளமாகக் கிடைக்கும் காசு.

பழைய பெசேட்டா நோட்டுகளை இன்று யூரோவாக மாற்ற முடியுமா?

முடியாது. ஒரு யூரோவுக்கு 166.386 பெசேட்டா என்னும் நிலையான விகிதத்தில் ஸ்பெயின் வங்கி மாற்றிக்கொடுத்தது. அதற்கான கெடு 2021 ஜூன் 30உடன் முடிந்தது. அன்று 60 யூரோவுக்குச் சற்று மேல் பெற்றிருக்கக்கூடிய பத்தாயிரம் பெசேட்டா நோட்டுக்கு, இன்று சேகரிப்பாளர் கொடுப்பதே விலை.